மகால் தெருக் கடிதமும் திருமலை நாயக்கர் அரண்மனையும்

உங்கள் அப்பத்தாவின் தகரப்பெட்டியில் கிடைத்த காகிதத்தின் படங்களை இரண்டு நாட்களாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருமலை நாயக்கர் உங்கள் முப்பாட்டனாருக்குத் தம் கைப்பட எழுதி, அரண்மனை இடத்தில் மனை கொடுத்த கடிதம் இது என்று வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். முதல் வரியில் 'மகாராஜ ராஜஸ்ரீ', ஐந்தாம் வரியில் 'மகால்', மேல் மூலையில் 'தாது வருஷம் ஐப்பசி மாதம்' என்று இருப்பதை இதற்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள். ஆனால், பின்பக்கம் உள்ள எண்ணைச் சக ஆண்டாக (78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும் பழைய கணக்கு) எடுத்துக் கணக்கிட்டால் 1364 வருகிறது, அது நாயக்கர் காலத்துக்கே முந்தியதாயிற்றே என்று குழம்பிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழப்பம் நியாயமானது, அதிலேயே விடையும் இருக்கிறது. கடிதம் 1876ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில் எழுதப்பட்டது. அரசர் எழுதியது இல்லை என்று சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் மகாலின் வரலாற்றுக்கு இந்தக் காகிதம் வேண்டியதே என்று எண்ணுவதால், காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மகாராஜ ராஜஸ்ரீ'. நீங்கள் அனுப்பிய படத்தில் அது முழுச் சொல்லாக இல்லை. பிள்ளையார் சுழிக்குக் கீழே 'ம-ள-ள-ஸ்ரீ' என்றுதான் இருக்கிறது. பழைய கையெழுத்தில் ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டதால், மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம் எழுத்தர் கையில் இப்படி உருமாறி, பின்னால் அச்சிலும் அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் பெரியவர்களில் யாரோ அதைச் சரியாகவே படித்திருக்கிறார்கள், பொருள் கொண்டதில்தான் தடம் மாறிவிட்டது. இது எழுதியவரின் பட்டம் ஆகாது; கடிதத்தைப் பெறுபவருக்குச் சூட்டும் மரியாதை அடைமொழி. 19ஆம் நூற்றாண்டில் ஓரளவு மதிப்புள்ள எவருக்கும், கணக்குப்பிள்ளைக்கும் வியாபாரிக்கும் வக்கீலுக்கும்கூட, இப்படித்தான் எழுதினார்கள்; இன்று நாம் 'திரு' என்று போடும் இடத்தில் அன்று இது இருந்தது. ஆகவே அந்த மகாராஜராஜஸ்ரீ உங்கள் முப்பாட்டனார்தான்.

நாயக்க மன்னரிடமிருந்து ஓர் ஆணை வந்திருந்தால் அதன் தலைப்பகுதி வேறு விதமாக இருந்திருக்கும். நாயக்கர் காலச் சாசனங்கள் 'ஸ்வஸ்திஸ்ரீ' அல்லது 'சுபமஸ்து' என்று தொடங்கி, 'மகாமண்டலேசுவரன், அரியராய விபாடன், பாஷைக்குத் தப்புவராயர் கண்டன்' என்று விஜயநகரப் பேரரசரின் விருதுகளை அடுக்கி, சகாப்தம், அறுபதாண்டு வட்டத்தின் பெயர், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் சொல்லிய பிறகே செய்திக்கு வரும். கொடை என்றால் நிலத்தின் நான்கெல்லையும் வரும். முடிவில் சந்திராதித்தர் (சந்திர சூரியர்) உள்ளவரை நடக்கும் என்ற உறுதியும், அதற்கு விகாதம் (கேடு) செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போவான் என்ற சாபமும் இருக்கும். செப்பேட்டில் வெட்டிய கொடைக்கு இவ்வளவு சடங்கு. அன்றாட உத்தரவு ஓலையில் போயிற்று.

'கைப்பட எழுதியது' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசர் வாயால் சொல்வார், எழுதுவது வேறு கை. சோழர் காலத்தில் 'திருவாய்க்கேள்வி' என்றும் 'திருமந்திர ஓலை' என்றும் இதற்கெனத் தனித்தனி அதிகாரிகளே இருந்தார்கள். 'கோனேரின்மைகொண்டான்' என்று தொடங்கும் பாண்டியர் ஆணைகளின் கடைசியில் 'இவை இன்னார் எழுத்து' என்று அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக நிற்பதைக் கோயில் சுவர்களில் நீங்களே பார்க்கலாம். நாயக்கர் ஆட்சியில் படைத்தலைவரான தளவாய், அமைச்சரான பிரதானி இவர்களுக்கு அடுத்து ராயசம் என்ற பதவி இருந்தது. அரசரின் கடிதங்களை எழுதுவதுதான் ராயசத்தின் வேலை. நாயக்க மன்னர்களின் வீட்டு மொழி தெலுங்கு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அரச கடிதம் என்ற மதிப்பை அதற்குக் கொடுத்தது எழுதிய விரல்கள் இல்லை. யார் பெயரால் போயிற்று, என்ன முத்திரையோடு போயிற்று என்பதுதான்.

மதுரையில் கடிதம் என்றாலே நினைவுக்கு வருவது ஆலவாய் இறைவன், யாழ் இசைக்கும் பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சேரமான் பெருமாளுக்கு எழுதியனுப்பியதாகப் பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் உள்ள திருமுகப் பாசுரம். அனுப்புபவன் இருக்கும் ஊர், அவன் பெயர், 'சேரலன் காண்க' என்று பெறுபவன், கொண்டுவருபவன் யார், அவனுக்குச் செய்ய வேண்டியது என்ன என்று திருமுகம் எனப்படும் கடிதத்துக்குரிய அடைவு அத்தனையும் பன்னிரண்டே அடிகளில் ஒழுங்காக நிற்கிறது. ஊரும் மாளிகையும் முதல் அடியிலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். உங்கள் கடிதத்தில் எழுதுபவர் எங்கிருந்து எழுதுகிறார் என்பதே தலைப்பில் இல்லை. அரச திருமுகமாக இருந்தால் அது முதலில் வந்திருக்க வேண்டும்.

திருமலை நாயக்கர் காலத்திலும் பேர்பெற்ற ஓர் ஓலை உண்டு. அவருடைய கடைசி ஆண்டுகளில், மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது, நாயக்கர் நோயில் கிடக்க, அரசியார் ராமநாதபுரம் ரகுநாத சேதுபதிக்கு உதவி கேட்டு எழுதியதாகவும், சேதுபதி படையோடு வந்து காத்ததாகவும் சேது நாட்டு மரபு சொல்கிறது. 'ராணி சொல் காத்தான்' என்ற விருதுப்பெயர் அதனால் வந்தது என்பார்கள். ஓலையின் நினைவு சேதுபதிகளின் பட்டப்பெயராகவே நின்றுவிட்டது.

இனி காலக்கணக்கு. தாது என்பது பிரபவ முதல் எண்ணினால் பத்தாவது ஆண்டு. நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை; அதற்குள் வரும் தாது 1636. மகால் எழுந்த ஆண்டு என்று பெரும்பாலும் சொல்லப்படுவதும் 1636தான். ஆகவே உங்கள் குடும்பத்தார் சும்மா கதை கட்டவில்லை. தாது என்று கண்டதும், படித்த யாரோ ஒருவர் கணக்குப் போட்டு, மகால் கட்டிய ஆண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை தாது திரும்ப வருகிறது: 1696, 1756, 1816, 1876. இந்த ஐந்து தாது வருடங்களில் ஒவ்வொன்றிலும் மகால் எப்படி இருந்தது, அங்கிருந்து யார் கடிதம் எழுதியிருக்க முடியும் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் தாதுவில் மகால் புதிது. திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்குத் திரும்பக் கொண்டுவந்த திருமலை நாயக்கர், கோயிலுக்குத் தென்கிழக்கே இதை எழுப்பினார். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் இதன் உடம்பு. சங்குபோல் மினுங்கும் வழுவழுப்புக்குச் சுண்ணாம்பை முட்டையின் வெள்ளைக்கருவோடு குழைத்துப் பூசினார்கள் என்பார்கள். சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள்; அவற்றோடு நாடகசாலை, கோயில், படைக்கலக் கொட்டில், வாத்திய மண்டபம், பூந்தோட்டம், குளம் எல்லாம் சேர்ந்த ஓர் ஊர் அது. இன்று நாம் கிழக்கு வாசல் வழியாக நுழைந்து பார்க்கும் முற்றமும் அதைச் சுற்றிய தூண்களும் மேற்கே குவிமாடத்தின் கீழுள்ள அரியணை மேடையும் சொர்க்கவிலாசம் மட்டுமே. முழு அரண்மனையில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது என்று சொல்வது வழக்கம். நவபத்கானா தெரு என்று இன்றும் வழங்கும் பெயரில் அந்த வாத்திய மண்டபத்தின் ஓசை இருக்கிறது. வடக்கே விளக்குத்தூண் பக்கம் கடைகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் பத்துத்தூண், கூரையும் சுவரும் போய்த் தூண் மட்டும் நிற்கும் மற்றொரு பகுதி. அந்தச் சந்தில் ஜவுளிக்கடைப் படிகளுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால்தான் பழைய அரண்மனையின் பரப்பு எவ்வளவு என்று மனதுக்குப் பிடிபடும். 

இரண்டாம் தாது 1696. அப்போது ஆண்டவர் ராணி மங்கம்மாள். ஆனால் இருந்தது திருச்சிராப்பள்ளியில். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் ஏறத்தாழ 1665இல் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிக்கொண்டார். மாறியது தலைநகர் மட்டுமில்லை. திருச்சியில் தமக்கு மாளிகை கட்டுவதற்காக இங்கிருந்த மரவேலைகளையும் சிற்பங்களையும் பெயர்த்துக்கொண்டு போனார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரித்தது என்னை எப்போதும் சங்கடப்படுத்தும் செய்தி. பகைவர் படையால் அடைந்த சேதத்தைவிட இந்த வீட்டுக்குள் நடந்த சேதம் பெரிது. மங்கம்மாள் மதுரைக்கு வந்தால் தங்கிய இடமாகச் சொல்லப்படுவது வைகைக்கு வடகரையில் உள்ள தமுக்கம். 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக நாம் அறிந்த கட்டடம் அதுதான். எனவே 1696இல் மகாலிலிருந்து அரச கடிதம் போயிருக்க இடமில்லை.

மூன்றாம் தாது 1756. மீனாட்சி அரசியோடு 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆற்காட்டு நவாபின் பெயரும் கும்பினி எனப்பட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கியும் ஆண்ட காலம். நம்மூரில் கான்சாகிபு என்று வழங்கும் யூசுப் கான் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டதும் அந்த ஆண்டில்தான். நான்காம் தாது 1816, கலெக்டர் ரவுஸ் பீட்டரின் காலம். மகால் இடிந்துகொண்டே வந்தது. சுற்றிலும் வீடுகள் ஏறின. 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த புகைப்படங்களில் அந்தச் சிதைவைப் பார்க்கலாம்.

இடையே ஊரின் உருவத்தையே மாற்றிய ஒரு காரியம் நடந்தது. 1840களை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து, அந்த நிலத்தை மக்களுக்கு மனைகளாக விட்டார். வெளிவீதிகள் எழுந்தது அப்படித்தான்; மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்பவை அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள். பிளாக்பர்ன் நினைவாக நட்டதே விளக்குத்தூண். கோட்டைக்குள் அடைந்து கிடந்த ஊர் மூச்சுவிட்ட அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும்தான் மனை என்ற சொல் மதுரைக் காகிதங்களில் நிறைய வரத் தொடங்கியது. மகாலைச் சுற்றிய நிலமும் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்ணிட்ட தெருக்களாயிற்று. பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிரரின் தறிச்சத்தம் அந்தத் தெருக்களில் அண்மைக்காலம் வரை கேட்டது.

ஐந்தாம் தாது 1876. அதற்குச் சற்று முன், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, விழுந்து போகவிருந்த சொர்க்கவிலாசத்தைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். அவர் கை வைக்காவிட்டால் இன்று பத்துத்தூணைப் போல இன்னொரு தூண் வரிசைதான் நமக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் அதில் இயங்கியது. வக்கீலும் கட்சிக்காரரும் நடந்த முற்றத்தை மாநிலத் தொல்லியல் துறை ஏற்றுக்கொண்டது பின்னாளில்.

ஐந்தில் எது என்பதை முடிவு செய்வது நீங்கள் 1364 என்று கணக்கிட்ட அந்த எண்தான். பின்பக்கப் படத்தில் '௲௨௱௮௰௬' என்று இருக்கிறது. ௲ ஆயிரம், ௨௱ இருநூறு, ௮௰ எண்பது, ௬ ஆறு. 1286 என்று நீங்கள் படித்தது முற்றிலும் சரி. பழகாதவர்கள் ௱, ௰ என்ற குறிகளில் தடுக்கி விழுவார்கள்; நீங்கள் விழவில்லை. சக ஆண்டு என்று கொண்டு 78ஐக் கூட்டினீர்கள், 1364 வந்தது. ஆனால் 1364 தாது வருடம் இல்லை, குரோதி. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒத்துவராத கணக்கு எப்போதும் தவறான கணக்கு. எண்ணுக்கு முன்னால் மங்கிய இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கின்றன. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் 'பசலி' என்று தெரிகிறது. பசலி முகலாயர் காலத்தில் அறுவடையையும் நிலவரியையும் ஒட்டி வந்த ஆண்டுக்கணக்கு. நவாபும் கும்பினியும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், நம் வருவாய்த்துறையில் இன்றும் இருக்கிறது. பசலியோடு 590ஐக் கூட்ட வேண்டும். 1286உம் 590உம் 1876. பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. 1876 சித்திரையில் பிறந்தது தாது. அதன் ஐப்பசி இரண்டுக்கும் உள்ளே வருகிறது. முன்பக்கத்தில் ஐப்பசிக்குப் பக்கத்தில் உள்ள '௰௨' பன்னிரண்டாம் தேதி. மேலும் கீழும் தைத்துவிட்டது போல் இரண்டும் பொருந்துகின்றன.

இன்னொரு சாட்சி கடிதத்தின் உடலிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வரியைப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புள்ளி இல்லாமல் எழுதும் வழக்கத்தால் வந்த தடை அது. 'மழையிலலாமல நெலலு' என்று உள்ளதில் புள்ளிகளைப் போட்டுக்கொண்டால் 'மழையில்லாமல் நெல்லு' என்று ஆகிறது. அடுத்த வரியில் 'விலை' தெளிவாக இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தத் தாதுவைத்தான். 1876இல் மழை பொய்த்து, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை 1878 வரை வாட்டிய பஞ்சத்தின் வாசலில் நின்றுகொண்டு யாரோ எழுதியிருக்கிறார்: மகால் மனை விஷயமாய் நேரில் வந்து பேசவும், மழையில்லாமல் நெல்லு விலை ஏறிவிட்டது, காலதாமதம் வேண்டாம். நான் படிக்க முடிந்தவரை செய்தி இவ்வளவுதான். விற்கவோ அடைமானம் வைக்கவோ நினைத்த ஒரு வீட்டுக்காரரின் அவசரம் அந்த எழுத்தில் தெரிகிறது. கடைசி நான்கு வரிகளில் எழுத்து சாய்ந்து நெருங்குகிறது.

பொருளும் அதையே சொல்கிறது. எழுத்தாணியால் ஓலையில் கீறியது இல்லை, பேனா. கீழ்நோக்கி இழுத்த கோடுகளின் நடுவில் முள் பிரிந்து இரட்டைக் கோடாகத் தெரிவதைப் பாருங்கள். மையும் ஓலைக்குப் பூசும் கரி மையாக இருந்தால் கறுப்பாகவே நின்றிருக்கும்; இது பழுப்பேறி, மை கனமாக விழுந்த இடங்களில் காகிதத்தை அரித்திருக்கிறது. காகிதத்தைப் பகல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆலையின் அடையாளம் உள்ளே பதிந்திருந்தால், சிலவற்றில் ஆண்டும் இருக்கும்.

தயவுசெய்து அதை லேமினேஷன் செய்ய வேண்டாம். கடையில் கேட்பார்கள், மலிவாகவும் இருக்கும். ஆனால் சூடும் பசையும் இந்த மையைக் கெடுத்துவிடும், பிறகு எவராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். நான்காக மடித்த மடிப்புகளை ஒரே நாளில் நிமிர்த்தாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமில்லாத ஒரு புத்தகத்தைச் சில நாள் வையுங்கள். தகரப்பெட்டியின் துரு படாத இடத்தில், அந்துருண்டை நேராகத் தொடாதபடி வைத்திருங்கள்.

அதன் பிறகு செய்ய வேண்டியது, எழுதியவர் யார் என்று தேடுவது. பத்திரப்பதிவு 1860களிலேயே நம் பக்கம் வந்துவிட்டதால், அந்த மனை பசலி 1286லோ அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளிலோ கைமாறியிருந்தால், பழைய அட்டவணையில் உங்கள் முப்பாட்டனார் பெயரோடு எழுதியவர் பெயரும் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்து நான்கெல்லையைப் படியுங்கள். 'மகால் மதிலுக்கு மேற்கு', 'மகால் பாழ்மனைக்குத் தெற்கு' என்பது போல் ஏதேனும் இருந்தால் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். இடிந்த அரண்மனையின் எந்தச் சுவர் 1876 வரை நின்றது என்பதை அந்த எல்லை வரி சொல்லிவிடும். பத்துத்தூணுக்கும் சொர்க்கவிலாசத்துக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி நமக்கு இருக்கும் எழுத்து மிகக் குறைவு. கடிதத்தின் கடைசி மடிப்பில் 'இப்படிக்கு' என்பதற்குப் பின் ஓரம் சுருண்டு ஒரு பெயர் மறைந்திருக்கிறது. தாள் நிமிர்ந்ததும் அந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முறை படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.